வீட்டில் ஆறு பாட்டில், நாலு பேர்: கிராஃப்ட் பியரைச் சுவைத்துப் பழகும் முறை

ஒரு பியரைத் தனியாகக் குடித்தால் அதைப் பற்றித் தெரிந்துகொள்வது கொஞ்சம்தான். பத்து நிமிடத்தில் நாக்கு அந்தக் கசப்புக்கும் மூக்கு அந்த மணத்துக்கும் பழகிவிடும். பிறகு "நல்லாருக்கு", "கசக்குது" என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. அதே பியரை வேறு இரண்டுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள். எதில் இனிப்பு நிற்கிறது, எது இனிப்பே இல்லாமல் காய்ந்து முடிகிறது, எந்த மணம் ஹாப்ஸிலிருந்து (கசப்புக்கும் மணத்துக்கும் போடும் ஒரு கொடியின் பூ) வருகிறது, எது ஈஸ்டிலிருந்து (நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்) வருகிறது என்று தானாகவே பிரியத் தொடங்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "இந்தக் கம்பெனி சரக்கு மோசம்" என்று தூக்கிப் போடும் பல பாட்டில்களில் தவறு காய்ச்சியவர் கையில் இருப்பதில்லை. வெயில் பட்ட அலமாரி, சூடான கிடங்கு, எண்ணெய்ப் பிசுக்குள்ள கிளாஸ், பனிக்கட்டி போன்ற குளிர்ச்சி இந்த நான்கில் ஏதாவது ஒன்றுதான் காரணமாக இருக்கும். அதனால் கீழே வரும் வேலைகளில் பெரும்பகுதி பாட்டிலைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவை.

எந்த ஆறு பாட்டில்

முதல் தடவைக்கு, அந்தந்த வகைக்கு உரைகல்லாக எடுத்துக்கொள்ளத்தக்க பியர்களே நல்லது. புதிதாக வந்த மாம்பழ ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலான ஏல் வகை), காபி போட்ட சோர் (புளிப்பு பியர்) எல்லாம் அப்புறம். குடிக்கும் வரிசையிலேயே தருகிறோம்:

1. வைஹென்ஷ்டெஃபனர் ஹெஃபெவைஸ்பியர் (கோதுமை பியர்), ஜெர்மனி, 5.4%
2. பில்ஸ்னர் உர்க்வெல், செக் நாடு, 4.4%
3. சேசோன் டுபோன், பெல்ஜியம், 6.5%
4. சியரா நெவாடா பேல் ஏல், அமெரிக்கா, 5.6%
5. ஷிமே ரெட், பெல்ஜியம், 7%
6. லயன் ஸ்டவுட், இலங்கை, 8.8%

வரிசை ஆல்கஹால் அளவுப்படி இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அடுத்த பியரைக் கெடுப்பதில் ஆல்கஹாலைவிடக் கசப்புக்கும் வறுத்த சுவைக்கும்தான் வேகம் அதிகம். உர்க்வெல்லின் கசப்பு நாக்கில் நிற்கும்போது கோதுமை பியரைக் குடித்தால் அது சர்க்கரைத் தண்ணீர் போலத் தெரியும். அதனால் கோதுமை முதலில். ஸ்டவுட்டின் வறுத்த சுவைக்குப் பிறகு எதுவும் நிற்காது, அதனால் அது கடைசியில். இந்தப் பெயர்கள் கிடைக்காவிட்டால் அதே வகையில் வேறு பாட்டிலை அதே இடத்தில் வையுங்கள்.

ஆளுக்கு 80 மி.லி. ஊற்றினால் 330 மி.லி. பாட்டில் நாலு பேருக்குச் சரியாக வரும். ஆறு பியரும் சேர்ந்து ஆளுக்கு 480 மி.லி., அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 30 மி.லி. ஒப்பிட வேண்டுமென்றால், 8% ஸ்ட்ராங் பியர் 650 மி.லி. பாட்டிலில் 52 மி.லி. இருக்கிறது. அளவு குறைவுதான் என்றாலும் அன்றைக்கு வண்டி ஓட்ட வேண்டாம். வந்தவர்களும் ஆட்டோவில் போகட்டும்.

கடையில் பார்க்க வேண்டியது தேதி. ஹாப்ஸ் மணத்துக்காகவே குடிக்கும் பேல் ஏல், ஐபிஏ வகைகள் அடைத்து மூன்று மாதத்துக்குள் இருந்தால் நல்லது; அதுவும் ஃப்ரிட்ஜில் இருந்ததாக இருக்க வேண்டும். "பெஸ்ட் பிஃபோர்" தேதியை நம்பி ஐபிஏ வாங்காதீர்கள். அந்தத் தேதி வருவதற்கு வெகுநாள் முன்பே மணம் போய்விடும். அடைத்த தேதி அச்சிட்டிருக்கும் பாட்டிலைத் தேடுங்கள். ஷிமேயும் லயன் ஸ்டவுட்டும் ஒரு வருடம் பழசானாலும் தாங்கும்; ஆல்கஹால் அதிகம், மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) கனம். சேசோன் டுபோன் பெரும்பாலும் பச்சை பாட்டிலில் வரும். டியூப்லைட்டுக்கு நேராக முன்வரிசையில் நிற்பதை விட்டுவிட்டு, பின்வரிசையிலிருந்தோ அட்டைப்பெட்டிக்குள்ளிருந்தோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

கிளாஸ்

ஸ்டீல் டம்ளர் வேண்டாம், நிறமும் நுரையும் தெரியாது. வாய் கொஞ்சம் குறுகிய, 250 முதல் 300 மி.லி. பிடிக்கும் வைன் கிளாஸ் போதும். மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால் மேலே மணம் தேங்க இடம் இருக்கும். ஆளுக்கு மூன்று கிளாஸாவது இருந்தால்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும்.

பால், மோர், காபி குடித்த கிளாஸில் கொழுப்பு ஒட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நுரையைக் கொன்றுவிடும். பாத்திரம் தேய்க்கும் பழைய ஸ்பாஞ்சில் குழம்பு எண்ணெய் ஊறியிருக்கும். அதனால் புது ஸ்பாஞ்ச், வெந்நீர், வாசனை குறைந்த சோப்பு சில துளி. மூன்று முறை அலசுங்கள். துணியால் துடைக்காமல் கம்பி ஸ்டாண்டில் கவிழ்த்துக் காயவிடுங்கள். துண்டின் மேல் கவிழ்த்தால் துண்டின் வாடை உள்ளே அடைந்துவிடும்.

சுத்தமா என்று பார்க்க, கிளாஸை நீரில் நனைத்துவிட்டு உள்பக்கம் தூள் உப்பைத் தூவுங்கள். சுத்தமான இடத்தில் உப்பு சீராக ஒட்டும். பிசுக்கு இருக்கும் இடத்தில் ஒட்டாமல் வழுக்கிவிடும். பியர் ஊற்றிய பிறகும் தெரியும்: நுரைக்குக் கீழே, கிளாஸின் பக்கச் சுவரில் குமிழிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தால் அழுக்கு. குடிக்கக் குடிக்க நுரை வளையம் வளையமாகச் சுவரில் தங்கினால் நல்ல கிளாஸ்.

குளிர்ச்சி

நம் ஊர் வெயிலுக்கு "சில்லுனு" வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் 3 டிகிரியில் மூக்குக்கு ஒன்றும் எட்டாது, குறைகளும் மறைந்துவிடும். கோதுமை பியருக்கும் பில்ஸ்னருக்கும் 6 முதல் 8 டிகிரி செல்சியஸ், சேசோனுக்கும் பேல் ஏலுக்கும் 8 முதல் 10, ஷிமேக்கும் ஸ்டவுட்டுக்கும் 12 முதல் 14 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் இருந்து அறை 30 டிகிரியில் இருந்தால், 330 மி.லி. பாட்டில் 8 டிகிரிக்கு வரச் சுமார் 10 நிமிடம், 13 டிகிரிக்கு வர அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கும். ஃபேன் காற்று, பாட்டிலின் தடிமன் பொறுத்து மாறும். அதனால் சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று கையில் இருந்தால் நல்லது. பலர் தவறவிடும் இடம் கிளாஸ்தான்: 30 டிகிரியில் இருக்கும் கிளாஸில் வெறும் 80 மி.லி. ஊற்றினால், ஊற்றிய உடனே நாலைந்து டிகிரி ஏறிவிடும். ஊற்றுவதற்கு முன் குளிர்ந்த குடிநீரால் கிளாஸை ஒரு தடவை அலசிக் கொட்டிவிடுங்கள். அந்த ஈரம் நுரை பொங்கி வழிவதையும் தடுக்கும். ஃப்ரீசரில் வைத்து உறைய வைத்த கிளாஸ் வேண்டவே வேண்டாம். அதில் படிந்த பனித்துகள் பியரைப் பொங்க வைக்கும், பிறகு உருகிக் கலக்கும். ஃப்ரீசரின் மீன் வாடையும் சேர்ந்துகொள்ளும்.

பாட்டிலைப் படுக்க வைக்காதீர்கள். அடியில் ஈஸ்ட் படியும் பியர்களை முதல் நாள் இரவே நிமிர்த்தி வைத்துவிட வேண்டும்.

அறையும் வாயும்

ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவத்தி, தலையில் மல்லிகைப்பூ, சென்ட், பக்கத்து அடுப்பில் தாளிப்பு எல்லாமே பியரின் மணத்தை அமுக்கிவிடும். மல்லிகை எவ்வளவு பிடித்திருந்தாலும் அந்த இரண்டு மணிநேரம் அடுத்த அறையில் இருக்கட்டும். பல் துலக்கி, காபி குடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நடுவில் வாயை மாற்ற வெறும் தண்ணீரும் உப்பில்லாத பொரியும் போதும். மிக்சரும் மசாலாக் கடலையும் ஆறாவது பாட்டில் முடிந்த பிறகு. காரம் நாக்கில் இருக்கும்போது ஹாப்ஸின் கசப்பு இரட்டிப்பாகத் தெரியும்.

ஊற்றுவது, முகர்வது, குடிப்பது

கிளாஸைச் சாய்த்து முக்கால்வாசி ஊற்றுங்கள், பிறகு நிமிர்த்தி நடுவில் ஊற்றி இரண்டு விரல் உயரத்துக்கு நுரை எழுப்புங்கள். நுரை உடையும்போதுதான் மணம் வெளியேறும்; நுரையே வராமல் ஊற்றுவது திறமை அல்ல. வைஸ்பியருக்கு மட்டும் கடைசிக் கால் பங்கை பாட்டிலிலேயே வைத்துச் சுழற்றி, அடியில் இருக்கும் ஈஸ்டையும் கலந்து ஊற்ற வேண்டும். நாலு பேருக்குப் பிரிக்கும்போது நாலாவது ஆளுக்கே ஈஸ்ட் முழுக்கப் போய்விடும். அதனால் முதலில் ஒரு ஜக்கில் மெதுவாக முழு பாட்டிலையும் ஊற்றி, பிறகு பங்கிடுங்கள்.

ஊற்றிய நொடியில் முதல் முகர்தல். கந்தக மணங்கள் அரை நிமிடத்தில் பறந்துவிடும். பிறகு தேடினால் கிடைக்காது. சின்னச் சின்னதாக இரண்டு மூன்று இழுப்பு, அவ்வளவுதான். அடுத்து கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடி, சுழற்றி, கையை எடுத்தவுடன் மறுபடி. மூக்கு மரத்துப்போனால் உங்கள் முழங்கைக்குள் முகத்தைப் புதைத்து மூச்சு விடுங்கள். சொந்தத் தோலின் வாசனைக்கு மூக்கு ஏற்கெனவே பழகியிருப்பதால் அது துடைத்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

வாயில் 15 மி.லி. போல எடுத்து, நாக்கு முழுக்க உருட்டி, விழுங்குங்கள். விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். நாம் சுவை என்று சொல்வதில் பாதி அப்போதுதான் வரும். சந்தேகமிருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். இனிப்பும் கசப்பும் மட்டும் தெரியும். விரலை எடுத்த கணத்தில் மற்றதெல்லாம் வந்து இறங்கும்.

ஆறிலும் எதைத் தேடுவது

வைஹென்ஷ்டெஃபனரில் நன்கு பழுத்த வாழைப்பழமும் கிராம்பும். இரண்டையும் யாரும் உள்ளே போடவில்லை, ஈஸ்ட் உண்டாக்கியது. வாழைப்பழ மணத்துக்கு ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டர், கிராம்புக்கு 4-வினைல் குவாயகால். அரைத்த மால்ட்டை வெந்நீரில் கரைக்கும் கட்டத்தில் 45 டிகிரியை ஒட்டிச் சிறிது நேரம் நிறுத்தினால் தானியத்திலிருந்து ஃபெருலிக் அமிலம் கூடுதலாகப் பிரியும். அதைத்தான் ஈஸ்ட் கிராம்பு மணமாக மாற்றுகிறது. இதே வாழைப்பழம் பில்ஸ்னரில் வந்தால் குறை. எந்த மணத்தையும் வகை தெரியாமல் நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது.

பில்ஸ்னர் உர்க்வெல்லில் முதலில் மால்ட்டைக் கண்டுபிடியுங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்ததும் வருமே, அந்த மணத்தின் மெல்லிய சாயல். ஹார்லிக்ஸும் மால்ட் பார்லியிலிருந்து வருவதுதானே. அதன் மேல் சாட்ஸ் ஹாப்ஸின் வைக்கோல், பச்சிலை, மிளகு மணம். 1842-ல் பில்சன் நகரில் ஜோசப் க்ரோல் காய்ச்சிய பொன்னிற லேகரிலிருந்துதான் (குளிரில் மெதுவாக நொதிக்க வைக்கும் பியர் வகை) உலகம் முழுக்கக் கிடைக்கும் வெளிர்மஞ்சள் லேகர்கள் வந்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் இல்லாத கசப்பு இதில் உண்டு. அந்தக் கசப்பு விழுங்கிய பிறகு எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணுங்கள்.

சேசோனில் வெள்ளை மிளகு, எலுமிச்சைத் தோல், ஈர வைக்கோல். இனிப்பு ஏறக்குறைய மிச்சமே இருக்காது. ஈஸ்ட் சர்க்கரையைத் துப்புரவாகத் தின்றிருக்கும். சியரா நெவாடாவில் கேஸ்கேட் ஹாப்ஸ்: நார்த்தங்காய்த் தோலை நகத்தால் கீறினால் வரும் மணமும், பம்பளிமாஸும், கொஞ்சம் பைன் மரப் பிசினும். 1980-ல் கலிஃபோர்னியாவின் சிக்கோவில் தொடங்கிய இந்த நிறுவனத்தின் பேல் ஏல்தான் அமெரிக்க கிராஃப்ட் பியரின் ஹாப்ஸ் மோகத்துக்கு வழிவகுத்தவற்றில் முக்கியமானது. ஷிமே ரெட்டில் கருப்பட்டி, பேரீச்சை, காய்ந்த திராட்சை. ஸ்கூர்மோன் மடத்துத் துறவிகளின் பியர் இது. 1862 முதல் காய்ச்சுகிறார்கள். லயன் ஸ்டவுட்டில் முதல் டிக்காஷன், டார்க் சாக்லேட், கருகும் பக்குவத்தில் எடுத்த சர்க்கரைப் பாகு. நுவரெலியாவின் மலைக்குளிரில் பிறந்த பியர் ஆலையின் வாரிசு; இப்போது பியகமவில் காய்ச்சப்படுகிறது. 8.8% இருந்தும் தொண்டையில் எரியாது. எரிந்தால் மிகவும் சூடாக ஊற்றிவிட்டீர்கள் என்று பொருள்.

குறைகள்

இதுதான் மிகவும் பயன்படும் பகுதி.

வெயில் வாடையைக் கண்ணெதிரே செய்து காட்டலாம். உர்க்வெல் ஒரு பாட்டிலை இரண்டு கண்ணாடிக் கிளாஸில் சரிபாதியாக ஊற்றுங்கள். ஒன்றை அலுமினியத் தாளால் முழுக்கச் சுற்றுங்கள். மற்றதன் வாயை மட்டும் மூடுங்கள். இரண்டையும் நேர் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் 20 நிமிடம் வையுங்கள். இரண்டும் வெயிலில்தான் இருக்கின்றன என்பதால் வித்தியாசம் பெரும்பாலும் வெளிச்சத்தால்தான் வரும். பிறகு இரண்டையும் ஃப்ரிட்ஜில் குளிரவைத்து முகருங்கள். தாள் சுற்றியதில் நுரை குறைந்த அதே பியர். சுற்றாததில் எரிந்த ரப்பரும் அழுகிய வெங்காயமும் கலந்த மாதிரி ஒரு நெடி. அமெரிக்கர்கள் அதை ஸ்கங்க் என்ற விலங்கின் பெயரால் சொல்வார்கள். பச்சை பாட்டிலில் வரும் சில லேகர்களுக்கு "அதுதான் அந்த பிராண்டின் சுவை" என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

நடப்பது இது: ஹாப்ஸின் கசப்புப் பொருளான ஐசோஹியூமுலோன், பியரில் இருக்கும் ரைபோஃபிளேவின் (பி2 வைட்டமின்) துணையோடு வெளிச்சத்தில் உடைகிறது; உடைந்த துண்டு கந்தகத்தோடு சேர்ந்து தயோல் என்ற நெடியுள்ள கந்தகச் சேர்மம் ஆகிறது. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். பழுப்பு பாட்டில் இந்த அலைநீளங்களைப் பெருமளவு தடுக்கும், பச்சை கொஞ்சம்தான், நிறமற்ற பாட்டில் தடுக்கவே தடுக்காது, கேன் முழுக்கத் தடுக்கும். நிறமற்ற பாட்டில் பியர் ஒன்றில் இந்தச் சோதனை பலிக்காவிட்டால் குழம்ப வேண்டாம். சில ஆலைகள் வெளிச்சத்துக்கு அசையாதபடி மாற்றிய ஹாப்ஸ் சாற்றைப் போடுகின்றன.

அடுத்தது வெண்ணெய். தியேட்டர் பாப்கார்ன் மணமும், நாக்கில் எண்ணெய் பூசிய வழவழப்பும் சேர்ந்து வந்தால் டைஅசிடைல். நொதிக்கும்போது ஈஸ்ட் வெளியே விடும் ஒரு பொருள் டைஅசிடைலாக மாறும். வேலை முடியும் தறுவாயில் ஈஸ்டே அதைத் திரும்ப எடுத்துத் தின்றுவிடும். அதற்கு நேரமும் சூடும் வேண்டும். லேகரை முடிவில் 15 முதல் 18 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் விடுவது அதற்காகத்தான். அவசரப்பட்டுக் குளிரவைத்தால் வெண்ணெய் அப்படியே தங்கிவிடும். பப்பில் குழாயிலிருந்து பிடித்துத் தரும் டேப் பியரில் மட்டும் இது வந்து, அதே ஆலையின் பாட்டிலில் இல்லை என்றால் குழாய் அழுக்கு என்று சந்தேகியுங்கள். பாக்டீரியாவும் இதை உண்டாக்கும். செக் பில்ஸ்னர்களில் இலேசான வெண்ணெய்ச் சாயல் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெந்த மக்காச்சோளம், வெந்த முட்டைக்கோஸ் வாடை என்றால் டிஎம்எஸ் (டைமெத்தில் சல்ஃபைடு). வெளிர் மால்ட்டில் இயல்பாக இருக்கும் ஒரு பொருளிலிருந்து, காய்ச்சும்போது வருவது. 60 முதல் 90 நிமிடம் மூடி போடாமல் தளதளவென்று கொதித்தால் ஆவியோடு போய்விடும். மூடி போட்டாலோ, கொதித்த பிறகு மெதுவாக ஆறவிட்டாலோ தங்கிவிடும். பச்சை ஆப்பிள், புது பெயின்ட் என்றால் அசிடால்டிஹைட். பெரும்பாலும் முதிரும் முன் அடைத்த பியர்.

பழசானதைக் கண்டுபிடிக்க ஈரமான அட்டைப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்து காய்ந்த பார்சல் பெட்டியின் வாடை. லேகரில் அது. ஐபிஏவில் வேறு மாதிரி: நார்த்தங்காய் மணம் மங்கி, நிறம் பழுப்பேறி, தேன் போன்ற இனிப்பு மேலெழும். இரண்டுக்கும் ஆக்சிஜனும் சூடும் காரணம். ஒரே லேகரில் இரண்டு பாட்டில் வாங்கி, ஒன்றை ஃப்ரிட்ஜிலும் மற்றதை இருட்டான, சூடான பரண் மேலும் மூன்று வாரம் வைத்து, பிறகு இரண்டையும் ஒரே குளிர்ச்சிக்குக் கொண்டுவந்து குடித்துப் பார்த்தால், கிடங்கும் லாரியும் பியரை என்ன செய்கின்றன என்று புரிந்துவிடும்.

புளிப்பில் இரண்டு உண்டு: தயிர்ப் புளிப்பு லாக்டிக், காடிப் புளிப்பு அசிட்டிக். சோர் வகைகளில் முதலாவது வேண்டியது. பில்ஸ்னரில் எது வந்தாலும் கிருமி புகுந்திருக்கிறது. திறந்ததும் நிற்காமல் பொங்கி வழியும் பாட்டில், சூடாகவோ குலுங்கியோ இல்லாதபோது, இதே சந்தேகத்தை எழுப்பும்.

துவர்ப்பு. ஆங்கிலத்தில் பியர் பழகுகிறவர்கள் கசப்பையும் இதையும் பிரிக்கத் திணறுவார்கள். அறுசுவையில் தனியிடம் கொடுத்து வைத்திருக்கும் நமக்கு இது எளிது. பாகற்காய் கசப்பு, கொட்டைப்பாக்கு துவர்ப்பு. பியர் விழுங்கிய பிறகு ஈறும் கன்னத்தின் உள்பக்கமும் இழுத்துப் பிடித்தால் துவர்ப்பு. ஸ்டவுட்டில் கொஞ்சம் இருக்கலாம், வெளிர் பியரில் கூடாது. மால்ட் உமியை 77 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரால் அளவுக்கு மீறிக் கழுவினால் உமியில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இறங்கிவிடும். அதுதான் வழக்கமான காரணம்.

மூக்குக்குப் பயிற்சி

குறைகளைப் பெயர் சொல்லி அடையாளம் காண, வேண்டுமென்றே கலந்து முகர்வதுதான் விரைவான வழி. இதை ஆறு பாட்டில் நாளில் செய்யாமல் வேறு நாளில் வையுங்கள். சுவை குறைந்த சாதாரண லேகர் எடுத்து 150 மி.லி. பங்குகளாகப் பிரியுங்கள். ஒன்றை எதுவும் கலக்காமல் ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள்.

காடிக்கு ஒரு பங்கில் வெள்ளை வினிகர் 1 மி.லி. டிஎம்எஸ்ஸுக்கு டப்பா ஸ்வீட் கார்னின் தண்ணீர் ஒரு டீஸ்பூன். துவர்ப்புக்கு ஒரு டீ பேக்கை 50 மி.லி. வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து ஆற்றி, அதில் 15 மி.லி. வெண்ணெய்க்கும் வாழைப்பழத்துக்கும் பேக்கரிப் பொருள் கடையில் கிடைக்கும் எசன்ஸ். நேராக விடாதீர்கள், ஒரு துளியை 30 மி.லி. தண்ணீரில் கலக்கி, அதிலிருந்து ஒரு டீஸ்பூன் போதும். கிராம்புக்கு இரண்டு கிராம்பை நசுக்கி 50 மி.லி. பியரில் மூடி வைத்து ஒரு மணி நேரம் கழித்து வடிகட்டி, அதில் ஒரு டீஸ்பூன். டீஸ்பூன் என்பது 5 மி.லி. எசன்ஸ்களின் கடுமை கடைக்குக் கடை மாறும். தூக்கலாக இருந்தால் பாதியாக்குங்கள். உடனே பிடிபடுகிற அளவைவிட, தேடினால் கிடைக்கிற அளவுதான் மூக்கை வளர்க்கும்.

உண்மையிலேயே வித்தியாசம் தெரிகிறதா, தெரிகிற மாதிரி நினைக்கிறோமா என்று பார்க்க முக்கோணச் சோதனை. மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே பியர், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். ஊற்றுபவர் குடிக்கக் கூடாது. குத்துமதிப்பாகச் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாக வந்துவிடும் என்பதால் ஒரு வெற்றியை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. ஆறு தடவை செய்து ஐந்து சரியென்றால் நம்பலாம், நாலு போதாது.

பப்பில் இதே வேலை

சென்னையிலிருந்து ஓர் இரவுப் பயணத்தில் பெங்களூரு. இந்திராநகரின் டாய்ட் 2010-லிருந்து இயங்குகிறது. ஆர்பர் ப்ரூயிங், வொயிட்ஃபீல்டின் விண்ட்மில்ஸ் என்று அங்கேயே காய்ச்சி ஊற்றும் இடங்கள் பல. போனவுடன் முழு கிளாஸ் சொல்லாமல் சாம்ப்ளர் கேளுங்கள். சின்னக் கிளாஸ்களில் வரிசையாக வரும். மேலே சொன்ன வரிசைப்படி நீங்களே மாற்றி அடுக்கிக்கொள்ளுங்கள், கொண்டுவருபவர் நிறத்தைப் பார்த்து அடுக்கியிருப்பார். மிகவும் குளிராக வந்தால் ஐந்து நிமிடம் கையில் பிடித்துச் சூடேற்றுங்கள்.

கேட்கத் தயங்காத இரண்டு கேள்விகள்: இந்தப் பியரை எப்போது டேப்பில் போட்டீர்கள்? குழாய் எப்போது கழுவினீர்கள்? அமெரிக்க ப்ரூவர்ஸ் அசோசியேஷன் பரிந்துரைப்பது 14 நாளுக்கு ஒரு முறை. நல்ல இடத்தில் இரண்டுக்கும் உடனே பதில் வரும். லேகரில் வெண்ணெயோ புளிப்போ வந்தால் இரண்டாவது வாய்க்கு முன்பே அமைதியாகச் சொல்லுங்கள். பாதி குடித்துவிட்டுச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுவரும் ஆசை வரும். பர்மிட் இல்லாமல் மாநில எல்லை தாண்டுவது குற்றம். தவிர, டேப்பிலிருந்து பிடித்த பியர் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அங்கேயே குடித்துவிட்டு வாருங்கள்.

குறிப்பு எழுதுவது

போட்டி நடுவர்கள் பயன்படுத்தும் பிஜேசிபி முறையில் மொத்தம் 50 மதிப்பெண்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த உணர்வுக்கு 10. எண்ணைவிட அந்தப் பிரிவுதான் நமக்கு வேண்டியது. தோற்றத்துக்கு எவ்வளவு குறைவு என்று பாருங்கள். ஒவ்வொரு பியருக்கும் அஞ்சலட்டை அளவுத் தாள் ஒன்று. மேலே பெயர், அடைத்த தேதி, வாங்கிய இடம், ஊற்றும்போது இருந்த வெப்பநிலை. நாலு பேரும் பேசாமல் எழுதி முடித்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும். ஒருவர் "வாழைப்பழம்" என்றால் மற்ற மூவருக்கும் வாழைப்பழம் தெரிய ஆரம்பித்துவிடும்.

எழுதும்போது உங்களுக்குத் தெரிந்த பொருளின் பெயரையே எழுதுங்கள். கிரேப்ஃப்ரூட் தின்றே பார்க்காதவர் அந்த வார்த்தையை எழுதுவதில் பயனில்லை. நார்த்தங்காய் என்று எழுதினால் ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் அந்த மணம் திரும்ப வரும். "நன்று", "சுமார்" என்பவற்றைத் தாளிலிருந்து ஒழித்துவிடுங்கள். "முளைகட்டிய கேழ்வரகை வறுக்கும் மணம், கசப்பு 20 விநாடி நின்றது, முடிவில் ஈறு இழுத்தது" என்று இருந்தால் அடுத்த பாட்டில் வாங்கும்போது பயன்படும்.

ஆறும் முடிந்ததும் முதல் கிளாஸில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தால் அதை மறுபடி முகர்ந்து பாருங்கள். அறைச்சூட்டுக்கு வந்துவிட்ட வைஸ்பியரில், குளிரில் ஒளிந்திருந்ததெல்லாம் மேலே வந்திருக்கும். தாளில் அதற்கும் ஒரு வரி இடம் விடுங்கள்.